மண்டோர் படுத்த பஞ்சு

ஆறாம் பாத்தியில் ஒரு குழி விழுந்திருந்தது.

முருகையா பிளாஸ்டிக் விரிப்பை மடக்கிவிட்டு, ரப்பர் பால்வெட்டுக் காலத்து நெற்றி விளக்கைத் தாழ்த்திப் பார்த்தான். பெரிய குழியென்று சொல்வதற்கில்லை. முற்றின தேங்காய் ஒன்றை ஈர வைக்கோலில் வைத்து அழுத்திவிட்டு எடுத்தால் விழுமே, அவ்வளவுதான். குழியைச் சுற்றிக் காளான் முட்டைகள் இடம் போதாமல் ஒன்றையொன்று நெருக்கிக்கொண்டு வெள்ளையும் சாம்பலுமாகக் கிளம்பியிருந்தன. குழிக்குள் ஒன்றுகூட இல்லை. எலியாக இருந்தால் பல் பட்ட தடம் தெரியும். பூனையாக இருந்தால் மயிர் கிடக்கும். இரண்டும் இல்லை. வைக்கோல் தாள்கள் எல்லாம் ஒரே வாட்டத்தில் நசுங்கி வழவழவென்று படிந்திருந்தன.

உள்ளங்கையை வைத்துப் பார்த்தான். காளான் பாத்தி சுடத்தான் செய்யும்; உள்ளே வைக்கோல் வெந்தால்தான் வெளியே காளான் வரும் என்று விவசாய இலாகாவில் மூன்று நாள் வகுப்பு எடுத்த அதிகாரி சொல்லியிருந்தார். அந்தச் சூடு முருகையாவுக்குப் பழக்கம். இது வேறு. இப்போதுதான் ஒருவர் எழுந்து போன இடத்தின் சூடு.

சீ, இதென்ன புத்தி என்று தன்னையே திட்டிக்கொண்டு, குழியைக் கையால் கிளறி நிரவிவிட்டுப் பறிக்க ஆரம்பித்தான். நின்று யோசிக்க நேரமில்லை. வைக்கோல் காளானுக்குப் பொறுமை கிடையாது. முட்டையாக இருக்கும்போதே விடியுமுன் பறித்தாக வேண்டும். வெயில் ஏறினால் குடை விரித்துவிடும். விரிந்த காளானை, வாங்க வரும் சீனி முகம்மது தன் வேனில் ஏற்ற மாட்டார். அவர் கோலா சிலாங்கூரிலிருந்து ஏழு மணிக்கு வந்துவிடுவார். ஏழரைக்கு முருகையா செம்பனை அறுக்கப் போக வேண்டும்.

ஒன்பதாங்கட்டைத் தோட்டத்தில் ரப்பரை வெட்டி, எண்ணெய்க்குச் செம்பனை வைத்த பிறகு பாதிச் சனம் கிள்ளானுக்கும் ஷா ஆலாம் தொழிற்சாலைகளுக்கும் போய்விட்டது. நாலாவது லயத்தில் குடியே இல்லை. அந்த லயத்தின் மூன்று வீடுகளுக்கு நடுவே இருந்த பலகைச் சுவரைப் பெயர்த்து எடுத்துவிட்டுக் காளான் கொட்டகை ஆக்கிக்கொள்ளத் தோட்டத்து ஆபீஸ் கிராணியிடம் கெஞ்சி அனுமதி வாங்கியிருந்தான் முருகையா. தஞ்சோங் காராங் வயல்களில் அறுப்பு முடிந்ததும் கொளுத்திவிடுகிற வைக்கோலை லோரியில் அள்ளி வந்தான். ஊறவைத்து, அடுக்கி, வித்துத் தூவி, கதவிலிருந்து பின்சுவர் வரை ஆறு பாத்தி போட்டான். முதல் போகத்தில் ஆறு பாத்திக்கும் சேர்த்து நாலு கிலோ காளான் வந்தது. அதைப் பார்த்து லயமே சிரித்தது. 'குப்பையில காளான் முளைக்கிறது அதிசயமாப்பா, அதுக்கு எதுக்கு ஒரு வகுப்பு?' என்று கேட்காத ஆளில்லை.

வைக்கோல் மட்டும் போதாது, மேலே ஓர் அடுக்கு பஞ்சுக் கழிவு போட்டால் விளைச்சல் பல மடங்கு ஏறும் என்று அதிகாரி சொல்லியிருந்தார். பஞ்சு ஆலைக் கழிவுக்கு அவன் எங்கே போவான்? அப்போதுதான் அவனுக்கு மண்டோர் மெத்தை ஞாபகம் வந்தது.

ஒன்பதாங்கட்டையில் ஒருவர் செத்தால், அவர் படுத்த மெத்தையும் தலையணையும் பாடைக்குப் பின்னாலேயே போகும். சுடுகாட்டு ஓரத்தில் மூங்கில் புதர் ஒன்று உண்டு. அதன் அடியில் போட்டுவிட்டுத் திரும்பிப் பார்க்காமல் வந்துவிடுவார்கள். எரிப்பதுமில்லை, புதைப்பதுமில்லை. ஏன் என்று கேட்டால் யாருக்கும் தெரியாது. அதை யாரும் தொடக்கூடாது என்பது மட்டும் எல்லாருக்கும் தெரியும்.

ரெங்கசாமி மண்டோரின் மெத்தை நாலு மாதமாக அங்கே கிடந்தது. முப்பது வருசம் கங்காணியாகத் தோட்டத்தை மிரட்டி வேலை வாங்கிய மனிதர். விடியற்காலையில் பெயர் கூப்பிடும் பெரட்டுக்கு ஒரு நிமிசம் பிந்தினால் வாயில் வந்த வார்த்தையால் வகுந்துவிடுவார். முருகையாவின் தகப்பன் செத்த அன்றைக்கு, 'பொணம் எங்கயும் ஓடிப் போயிறாது, அரை நாள் பால் வெட்டிட்டுப் போடா' என்று சொன்னவர். கடைசி மூன்று வருசம் வலது கையும் காலும் விழுந்து, இடது பக்கமாகச் சாய்ந்து, சுவரைப் பார்த்தபடி அந்த மெத்தையிலேயே கிடந்தார். முதுகிலும் இடுப்பிலும் புண். நாலு வீடு தள்ளிக்கூட மஞ்சள் மருந்தும் தைலமும் கலந்து வீசும். அந்த நிலைமையிலும் மெத்தையை மாற்ற மகளை விடவில்லை. தொட்டவளை இடது கையால் அறைந்தார்.

முழ உயர மெத்தை. தோட்டத்து இலவ மரங்களின் பஞ்சு. ஞாயிற்றுக்கிழமைகளில் பெண்களைக் கூப்பிட்டு உட்காரவைத்துக் கூலியில்லாமல் சும்மாவே கொட்டை எடுக்கச் சொல்லி நிரப்பிய பஞ்சு. அந்தப் பெண்களில் முருகையாவின் தாயும் ஒருத்தி. 'எங்க ஆத்தா விரல் தேஞ்ச பஞ்சு, எனக்கில்லாத உரிமை யாருக்கு?' என்று தனக்குத்தானே நியாயம் சொல்லிக்கொண்டு, ஒரு மழை நாள் சாயங்காலம் செம்பனை அரிவாளால் அதன் வயிற்றைக் கிழித்தான். அவனுக்குப் பயமே இல்லை. ஒரு குரூரமான சந்தோசம்தான் இருந்தது. மேல்பஞ்சு கறுத்திருந்தாலும் உள்பஞ்சு புதிது போல மினுங்கியது. இரண்டு சாக்கு நிறைந்தது. ஒன்றரைச் சாக்கைச் சுண்ணாம்பு நீரில் டிரம்மில் போட்டு வேகவைத்து ஆறு பாத்திக்கும் பரப்பினான். கொதித்த தண்ணீரில் எது பிழைத்திருக்கப் போகிறது என்று நினைத்தான்.

பக்கத்து வீட்டு வேலம்மா அன்றைக்கே கொட்டகைக்குள் எட்டிப் பார்த்து, மீந்த அரைச் சாக்கில் கைவிட்டாள். ஆறு பிள்ளை பெற்றவள். யார் வீட்டில் எது புதிதாக வந்தாலும் கைவிட்டுப் பார்க்காமல் போக மாட்டாள்.

"ஏது தம்பி பஞ்சு? வெள்ளிக் கம்பி மாதிரி இருக்கு!"

"கோலா சிலாங்கூர்ல வாங்கினேங்க்கா. புதுப் பஞ்சு," என்றான் முருகையா. பொய் வாயில் வழுக்கிக்கொண்டு வந்தது.

பதினோராம் நாள் விளைச்சலைப் பார்த்துச் சீனி முகம்மது தராசை இரண்டு தரம் தட்டிப் பார்த்தார். முப்பது கிலோ. அதே சனிக்கிழமை தஞ்சோங் காராங் ஆஸ்பத்திரியில் அவன் மனைவி அமராவதிக்குப் பெண் குழந்தை பிறந்தது. மூன்று பிள்ளைகளை வயிற்றிலேயே தொலைத்த பிறகு, உயிரோடு கையில் கிடைத்த முதல் பிள்ளை. நாலரை இறாத்தல்தான் எடை. கொஞ்சம் தேறட்டும், வருகிற புதன் விட்டு மறு புதன்கிழமை வீட்டுக்கு அழைத்துப் போகலாம் என்றார்கள். முருகையா அழுதான். நர்ஸ் பார்க்கிறாளே என்றுகூட இல்லாமல் நின்று அழுதான்.

குழி விழுந்தது பிள்ளை பிறந்த சனிக்கு அடுத்து வந்த செவ்வாய்க்கிழமை.

புதன் விடிகாலையில் விரிப்பை மடக்கினபோது அதே இடத்தில் மறுபடி குழி. இந்தத் தடவை அது தனியாக இல்லை. அதற்குக் கீழே ஒரு பள்ளம், பாதி முழ அகலம். அதற்குக் கீழே இன்னொன்று, இன்னும் ஆழமாக. பிறகு மடக்கின கால் போல வளைந்த ஒரு தடம். விளக்கை மேலிருந்து கீழே ஒரு தரம் கொண்டுபோனான், கீழிருந்து மேலே ஒரு தரம். தலை, தோள், இடுப்பு, முழங்கால். வைக்கோலில் ஓர் ஆள் இடது பக்கமாகச் சாய்ந்து சுவரைப் பார்த்துப் படுத்திருந்த தடம். அதன் ஓரம் நெடுகக் காளான்கள் வரிசை பிடித்து நின்றன, பிணத்தைச் சுற்றி உட்கார்ந்திருக்கும் பெண்களைப் போல.

முருகையா முள்வாரியை எடுத்து ஆறாம் பாத்தியைக் கண்டமேனிக்குக் கிளறினான். காளான் போனால் போகிறது என்று கிளறினான். அடி வைக்கோல் மேலே வந்து ஆவி விட்டது. அந்த ஆவியில் மஞ்சள் மருந்து வாடை இருந்தது.

வியாழக்கிழமை ஆறாம் பாத்தி கிளறிப் போட்டபடியே கிடந்தது. ஐந்தாம் பாத்தியில் தடம்.

வெள்ளிக்கிழமை நாலாம் பாத்தியில்.

அவன் வாசலில் நின்று விரல் மடக்கினான். சனி, மூன்று. ஞாயிறு, இரண்டு. திங்கள், கதவோரம் இருக்கும் முதல் பாத்தி. கொட்டகைக் கதவிலிருந்து அவன் வீட்டுப் பின்கதவு பன்னிரண்டு எட்டு. புதன்கிழமை அமராவதி பிள்ளையோடு அந்த வீட்டுக்குள் வருவாள்.

அன்று சாயங்காலம் பஸ் பிடித்து ஆஸ்பத்திரிக்குப் போனான். பிள்ளை கொட்டாவி விட்டது. அதன் வாய் ஒரு காளான் முட்டை அளவுக்குத்தான் இருந்தது. அவன் விரலை நீட்டியதும் அமராவதி அந்தக் கையைப் பிடித்து முகர்ந்தாள்.

"என்னங்க இது, கையில மருந்து வாடை? யாருக்குப் புண்ணு?"

"எனக்குத்தான். செம்பனை முள்ளு குத்திருச்சு."

"எங்க, காட்டுங்க."

அவன் கையை இழுத்துக்கொண்டான். அவளிடம் சொல்லிவிடலாமா என்று ஒரு கணம் நாக்கு எழும்பியது. சொன்னால் என்ன ஆகும் என்று அவனுக்குத் தெரியும். மூன்று பிள்ளைகளைப் பறிகொடுத்தவள். இழவு வீட்டுப் பக்கம் வீசிய காற்றுக்குக்கூட முந்தானையால் வயிற்றை மூடிக்கொண்டு நடந்தவள். தங்கள் வீட்டு வாசலையே இனி மிதிக்க மாட்டாள். அவன் முகத்திலும் விழிக்க மாட்டாள். புதனுக்குள் இதை ஒழித்துவிட்டால் அவளுக்குத் தெரியவே வேண்டாம் என்று முடிவு செய்தான்.

சனிக்கிழமை மூன்றாம் பாத்தி. சீனி முகம்மது முந்தின நாள் ஏற்றிப்போன கூடைகளை அப்படியே கொண்டுவந்து இறக்கினார்.

"முருகையா, என்ன மருந்து அடிக்கிறே நீ?"

"ஒன்னும் அடிக்கலையே, அண்ணே."

"பொய் சொல்லாதே லா. கடைக்காரன் மூஞ்சிமேல வீசாத குறைதான். கழுவினாலும் போகலையாம், வதக்கினாலும் போகலையாம். ஆஸ்பத்திரி வாடை." வேனில் ஏறி உட்கார்ந்தவர், கண்ணாடியை இறக்கிவிட்டு, குரலைத் தாழ்த்தினார். "கொட்டகையில வயசானவர் யாரையாச்சும் படுக்க வச்சிருக்கியா?"

"ஏன்?"

"கதவு இடுக்குல பார்த்தேன். யாரோ படுத்திருந்த மாதிரி இருந்துச்சு." பதிலுக்கு நிற்காமல் அவர் போய்விட்டார். அதற்குப் பிறகு அவர் வேன் அந்தப் பக்கம் வரவில்லை.

வாங்குகிறவர் போன பிறகு ஞாயிறு விடிகாலையில் கொட்டகைக்குப் போக வேண்டிய அவசியமே இல்லை. ஆனால் போகாமல் எப்படி இருப்பது? எது எவ்வளவு தூரம் வந்திருக்கிறது என்று தெரியாமல் படுத்துக் கிடப்பது அதைவிடக் கொடுமையாக இருந்தது. மழை பிடித்துக்கொண்டு தகரக் கூரையில் கொட்டியது. கதவைத் திறந்ததும் வெதுவெதுப்பான காற்று முகத்தில் மோதியது. ஈர வைக்கோல், சுண்ணாம்பு, தைலம், அழுகின புண், எல்லாம் ஒன்றாய்க் குழைந்த வாடை. ஐந்து பாத்திகளின் விரிப்புகளும் உள்பக்கம் ஆவி படிந்து வெள்ளையாகத் தொங்கின. இரண்டாம் பாத்தியின் விரிப்பும் வெள்ளைதான், ஓர் இடத்தைத் தவிர. சுவரோரம், தலை மாட்டில், உள்ளங்கை அகலத்துக்கு மட்டும் ஆவி கலைந்து தெளிந்திருந்தது. அவன் பார்த்துக்கொண்டிருக்கும்போதே அது மூடிக்கொண்டது. மறுபடி தெளிந்தது. மறுபடி மூடியது.

முருகையா அசையவில்லை.

மழைக்கு அடியில் ஒரு சத்தம் இருந்தது. இழுத்து, தேங்கி, வாயின் ஒரு பக்கமாக ஒழுகி வெளியேறும் மூச்சு. ஒரு பக்கம் செத்துப்போன வாயால்தான் அப்படி மூச்சுவிட முடியும். மூன்று வருசம் லயத்துச் சுவர்கள் வழியாக எல்லார் தூக்கத்தையும் கெடுத்த மூச்சு அது.

"யாரு?" என்றான். குரல் அவனுடையது போலவே இல்லை.

மூச்சு நின்றது.

போகவில்லை. நின்றுதான் இருந்தது. அவன் எங்கே நிற்கிறான் என்று கேட்டுக்கொண்டு.

பிறகு விரிப்பு அசைந்தது. இடுப்பு இருக்க வேண்டிய இடத்தில். புரண்டு படுக்கப் பார்த்து, முடியாமல், மறுபடி முயல்வது போல. வைக்கோல் நொறுங்கியது. விரிப்பின் விளிம்புக்கு அடியிலிருந்து ஆவி ஒழுகியது. அவன் ஓடினான். பன்னிரண்டு எட்டையும் எப்படிக் கடந்தான் என்று அவனுக்குத் தெரியாது. வீட்டுப் பின்கதவைச் சாத்தி, தாழ் போட்டு, உரலை இழுத்து முட்டுக் கொடுத்துவிட்டு, விடியும்வரை அதன்மேலேயே உட்கார்ந்திருந்தான்.

பொழுது நன்றாக ஏறி, மழை விட்டு, லயத்தில் ரேடியோ சத்தம் கேட்ட பிறகுதான் அவனுக்குத் தைரியம் வந்தது. செம்பனைக் குலை ஏற்றும் தள்ளுவண்டியைக் கொண்டுவந்து கொட்டகை வாசலில் நிறுத்தினான். மூக்கில் துண்டைக் கட்டிக்கொண்டு ஆறு பாத்தியையும் அள்ளினான். வைக்கோல், பஞ்சு, காளான், விரிப்பு, அடியில் வைத்த பலகை, எதையும் விட்டுவைக்கவில்லை. மூலையில் கிடந்த மிச்சப் பஞ்சுச் சாக்கின் வாயைக்கூடப் பிரித்துப் பார்க்காமல் தூக்கி வண்டியில் எறிந்தான். லயத்தைச் சுற்றிக்கொண்டு, செம்பனைக்குள் புகுந்து, சுடுகாட்டு ஓரத்துக்குப் பதினோரு நடை போனான். மூங்கிலடியில் அவன் கிழித்த மெத்தைத் துணி வாயைப் பிளந்தபடி கிடந்தது. அதன்மேலேயே கொட்டினான். ஒவ்வொரு நடைக்கும் அந்தத் துணி கொஞ்சம் கொஞ்சமாக நிறைந்தது.

கடைசி நடையில் கை கூப்பினான்.

"மண்டோரே, உங்களுது உங்ககிட்டயே வந்துருச்சு. தெரிஞ்சுதான் செஞ்சேன், தப்புதான். ஒரு பொட்டுகூட நான் வச்சுக்கல. என் வீட்டுப் பக்கம் வந்துறாதீங்க."

மூங்கில்கள் ஒன்றோடொன்று உரசின. திரும்பிப் பார்க்காமல் வந்தான். அன்று சாயங்காலமே கொட்டகைத் தரையைக் கழுவி, சுவரெல்லாம் சுண்ணாம்பு அடித்தான். 'காளான்காரன் கடையை மூடிட்டான்டா' என்று லயம் சிரித்தது. இந்த முறை அந்தச் சிரிப்பு அவனுக்கு இனித்தது.

திங்கள் விடிகாலை விளக்கோடு போய்ப் பார்த்தான். வெறும் சிமிண்டுத் தரை. செவ்வாய், வெறும் தரை. புதன், வெறும் தரை. ஒரு பல்லி ஓடியது. அன்று பத்து மணிக்கு டாக்சி வைத்து அமராவதியையும் பிள்ளையையும் அழைத்து வந்தான். அவளுக்குத் தெரியாமல் பின்கதவில் வேப்பிலை செருகி வைத்திருந்தான். மூன்று ராத்திரி பிள்ளை அழுதது, பால் குடித்தது, நனைத்தது, மறுபடி அழுதது. அந்த அழுகையைக் கேட்டுக்கொண்டே முருகையா பல நாளைக்குப் பிறகு நிம்மதியாகத் தூங்கினான். சனிக்கிழமை ராத்திரி ஒரு தரம்கூட விழிப்பு வரவில்லை. அவ்வளவு அசந்து தூங்கினான்.

ஞாயிற்றுக்கிழமை பிள்ளைக்குப் பதினாறாம் நாள். வீடு கழுவி, தலை முழுகி, தொட்டில் போட்டார்கள். அமராவதியின் பழைய நூல் சேலையை நடு அறை உத்தரத்தில் கட்டித் தொங்கவிட்டிருந்தது. வாசலில் கூடாரத் துணிக்கு அடியில் லயத்து ஆண்கள் பந்தியில் உட்கார்ந்திருக்க, முருகையா சாம்பார் வாளியோடு வரிசையில் நடந்துகொண்டிருந்தான். உச்சி வெயில். அப்பளம் பொரிகிற வாசனை. பிள்ளைகள் பந்து உதைத்துக்கொண்டிருந்தார்கள். எல்லாமே நன்றாக இருந்தது.

வேலம்மா முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு அவன் பக்கத்தில் வந்து நின்றாள்.

"பாத்தியா தம்பி, உன் மகளுக்கு மெத்தையும் தலகாணியும்? நேத்து உக்காந்து தைச்சு முடிச்சேன். என் கையாலதான் தைக்கணும்னு அமராவதிக்கு ஆசை. ஆறு பிள்ளையும் நிலைச்ச கை இல்லையா?"

"நல்லதுக்கா."

"பொறக்குமுந்தி ஒரு துணிகூடத் தைக்கக்கூடாதுன்னு அவ ஒத்தக் கால்ல நின்னா. அவ பயம் அவளுக்கு. அதான் பிள்ளை பொறந்த சேதி வந்த அன்னைக்கே பஞ்சை எடுத்து வச்சுட்டேன்."

முருகையா கரண்டியை வாளிக்குள் விட்டான்.

"எந்தப் பஞ்சு?"

"உன் புதுப் பஞ்சுதான். சாக்கிலேருந்து ஒரு மடி எடுத்தேன். நீ ஆஸ்பத்திரியில இருந்தே, யாருகிட்டக் கேக்குறது? சொல்லாம எடுத்தேன்னு கோவிச்சுக்காதே, உன் பிள்ளைக்குத்தானே..." அவள் அவன் முகத்தைப் பார்த்தாள். "என்னப்பா? என்ன ஆச்சு?"

அவன் வாளியைக் கீழே வைத்தான். சிந்தாமல், வரிசைக்கு வெளியே, ஒழுங்காக வைத்தான். 'தம்பி, இங்க சாம்பாரு' என்று யாரோ கூப்பிட்டார்கள். வாசல்படி மூன்று. ஏறினான்.

உள்ளே இருட்டாக இருந்தது. வெயிலிலிருந்து வந்த கண்ணுக்கு முதலில் எதுவும் தெரியவில்லை. காதுக்குத்தான் தெரிந்தது. உத்தரத்துக் கயிறு முனகியது. நாலரை இறாத்தல் பிள்ளைக்குக் கயிறு முனகாது.

பிறகு வாடை.

தொட்டில் தெரிந்தது. சேலை விறைத்துக்கொண்டு தரையைத் தொடும் அளவுக்கு இறங்கியிருந்தது. அமராவதி அதன் பக்கத்தில் தரையில் உட்கார்ந்து, இடது கையால் தொட்டிலை ஆட்டியபடி பத்தியச் சோறு சாப்பிட்டுக்கொண்டிருந்தாள். முகம் முழுக்க மஞ்சள். கல்யாணத்தன்றுகூட அவள் இவ்வளவு அழகாக இருந்ததில்லை.

"சமத்துங்க உங்க மக," என்றாள். "நேத்து ராத்திரி இந்த மெத்தையில போட்டேன். அதுக்கப்புறம் அழவே இல்ல. குளிப்பாட்டும்போதுகூடத் தலகாணியை விட மாட்டேன்னுட்டா, துடைச்சுத்தான் விட்டோம். பாலுக்குக்கூட எழுந்திரிக்கல."

அவன் தொட்டிலை நெருங்கினான்.

"என்னமோ இடது பக்கமாவே படுக்குறா. திருப்பிப் போட்டாலும் சுவத்தப் பாத்துச் சாஞ்சுக்குறா. இப்பவே பழக்கம் பாருங்க!" அவள் சிரித்தாள்.

சேலையை விலக்கினான்.

பிள்ளை தூங்கிக்கொண்டிருந்தாள். இடது கன்னம் தலையணையில். வலது கை துவண்டு பின்னால் விழுந்திருந்தது. கன்னத்தில் மை. நெற்றியில் வியர்வை. மூச்சு இருந்தது; அவன் அதைத்தான் முதலில் பார்த்தான். சீராக இருந்தது.

கழுத்துக்கு அடியில் கைவிட்டான். சூடு. பாத்திக்குள் கைவிட்ட சூடு.

தூக்கினான்.

தலையணையும் கூடவே வந்தது.

ஆட்டிப் பார்த்தான். விழவில்லை. மூச்சைப் பிடித்துக்கொண்டு, பிள்ளையை ஜன்னல் வெளிச்சத்துக்குத் திருப்பினான். தலையணைத் துணியின் நெசவுக்குள்ளிருந்து நூலிலும் மெல்லிய வெள்ளை இழைகள் புறப்பட்டு, பிள்ளையின் பூமயிருக்குள் நுழைந்து, காதுமடலைப் போர்த்தி, காதுக்குள் இறங்கியிருந்தன. மூடின இடது இமையின் ஓரத்தில் ஒரு கற்றை. காதுக்குப் பின்னால், எலும்பு மேட்டில், கடுகளவில் ஒன்று. பக்கத்தில் இன்னொன்று. வெள்ளையாய், உருண்டையாய்.

"கொடுங்க இங்க," என்று அமராவதி அவசரமாகக் கை கழுவிவிட்டு எழுந்து வந்தாள். "எழுப்பிப் பால் குடுத்துப் பாக்குறேன். இப்படியே தூங்க விடலாமா?"

இரண்டு கைகளையும் நீட்டினாள்.

அவன் முதுகைத் திருப்பிக்கொண்டான். தலையணையின் ஓரத்தைப் பிடித்து, மெல்ல, மிக மெல்ல இழுத்தான். இழைகள் அறவில்லை. தலையணையோடு சேர்ந்து பிள்ளையின் கன்னத்துத் தோல் எழும்பி வந்தது. பிள்ளை அழவில்லை.